சாகர் தீவுக்குப் போய்ச் சேராத அண்ணா

ஜனவரி 17, காலை 9:20. வெயில் இருந்தது, காற்றுதான் அதைவிட அதிகம். கல்கத்தா டாக்குரியாவிலிருந்து காரில் காக்த்வீப் வந்து, மன்னியும் நானும் ஆற்றைக் கடந்து சாகர் தீவுக்குப் போகும் படகில் ஏறினோம். மன்னியின் மடியில் அண்ணாவின் அஸ்திக் கலசம். துறைமுகத்தில் வேலை பார்த்தவன், தீவின் முனையில் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நான் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. ஆட்கள் நூற்றுக்கு மேல்.

“இறங்குங்கோ மன்னி, அடுத்த படகுல போலாம்.”

“எண்ணினது போறும், உட்காருடா. எல்லாரும் இப்படித்தான் போயிண்டிருக்கா.”

கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அந்தப் படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்தது வரவே இல்லை.

“கடல் வாங்கி ஆத்துல தண்ணி இறங்கிடுச்சு சார்,” என்றார் சீட்டுக் கொடுப்பவர். “இனி நாலு மணிக்கு மேலதான்.”

மன்னிக்கு அன்றிரவு சென்னைக்கு விமானம். மகனோடு இருக்கப் போகிறாள். இனி கல்கத்தா வரமாட்டாள்.

இரண்டு மணிக்குத் துறையின் விளிம்பிலேயே கலசத்தைக் கவிழ்த்தேன். கீழே சேறுதான் கிடந்தது. அதில் விழுந்தது பாதி. மீதியைக் காற்று மன்னியின் முகத்தில் திருப்பி அடித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“இவருக்கு எதுக்குடா லைஃப் ஜாக்கெட்?” என்று மட்டும் கேட்டாள்.

நான் பயந்தது அவளுக்காக இல்லை, எனக்காக. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய். அதில், நாங்கள் இறங்கிவிட்ட படகின் சீட்டுக்குப் பதினெட்டு.