விளக்குக்காரனைத் தப்பவிட்டேன்

நான் ஒரு கொலைகாரனைத் தப்பவிட்டேன். ஒரு பெண்ணைத் தோற்கடிப்பதற்காக!

பதறாதே. கொலை நடந்தது சோழர் காலத்தில், என் தொடர்கதையில். சரித்திரத் துப்பறியும் கதை என்றால் இன்று நீ என் புனைபெயரைத்தான் சொல்வாய். அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்ததே இந்தக் குற்றம்தான்.

1991. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா நான். கதை எழுதுவது அங்கே யாருக்கும் தெரியாது. படப்பையில் கம்பெனி பஸ் ஏறுவேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஸ்டெல்லா ஏறுவாள். அசெம்பிளி லைனில் வேலை. என் முன் இருக்கையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையை விரிப்பாள். அதில் என் தொடர்! அவள் பக்கம் புரட்டும்போதெல்லாம் எந்த வரியில் இருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பேன்.

கதை இதுதான். கோயில் கணக்கர் இரவில் கொல்லப்படுகிறார். சன்னிதி விளக்குக்கு நெய் ஊற்றும் விளக்குக்காரனோ, விடியும்வரை தூங்கிவிட்டேன் என்கிறான்.

மூன்றாம் வாரமே அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“சார், விளக்குக்காரன்தான் கொன்னுக்கீறான். ராவெல்லாம் தூங்கிகினு இருந்தேன்றான், ஆனா காலைல விளக்கு எரியுது. நடுவுல நெய் யாரு ஊத்துனது? எங்க லைன்ல ஆயில் ஊத்தறவன் தூங்குனா மிசினே நின்னுடும்!”

சரியான விடை! நான் ஒளித்து வைத்த ஒரே தடயம்... உன்னிடம் மறைப்பானேன், அந்த நொடியில்தான் அவளை மணக்க ஆசைப்பட்டேன். கடைசி அத்தியாயம் வரும் நாளில், எழுதியவன் நான்தான் என்று சொல்லி, கையோடு மற்றதையும் கேட்டுவிடத் தீர்மானித்தேன்.

ஆனால் பேனாவை எடுத்தால் ரோஷம் வந்தது. பஸ்ஸில் போகிறபோக்கில் அவிழ்க்கிற முடிச்சா என் முடிச்சு? அதுவரை கதையிலேயே இல்லாத ஒரு சீன வணிகனைக் கொண்டுவந்து அவன் தலையில் கொலையைக் கட்டினேன். எரிந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அசந்துபோவாள், அப்போது சொல்லலாம் என்றல்லவா கணக்குப் போட்டேன், மடையன்!

அவள் அசரவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

“இன்னா சார் இது? அந்த விளக்கு இன்னா ஆச்சு? நம்பித்தானே படிச்சேன். படிக்கிறவங்களையே ஏமாத்தறான் இத எழுதுனவன். இவனைக் கட்டிக்கப்போறவ பாவம் சார்! இனிமே இந்தாளு பேரு போட்டிருந்தா தொடவே மாட்டேன்.”

சொல்ல வந்த இரண்டையும் விட்டுவிட்டேன். “ஆமாம்” என்றேன். ஆமாம் என்றேன்!

எல்லோரும் அந்த முடிவைக் கொண்டாடினார்கள். யாராலும் ஊகிக்க முடியவில்லையாம்! எப்படி முடியும்? தை பிறந்ததும் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையை விட்டுவிட்டு ஆவடிக்குப் போய்விட்டாள்.

அதன்பின் எழுதிய ஒவ்வொரு நாவலிலும் தடயத்தை ஆரம்பத்திலேயே நேர்மையாக வைத்தேன். அவளுக்காகத்தான். ஒரே ஒரு தடவை அவள் திரும்பிப் பார்த்து, ‘சார், இவன்தான்’ என்று சொல்லமாட்டாளா... இன்றைக்கும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் முன் இருக்கையைப் பார்க்கிறேன்.

சொந்தப் பெயரில் இதை வெளியிட்டால் அவள் படிப்பாளே என்று கேட்பாய். தலைப்பின் கீழ் என் பெயரை எழுதியும் பார்த்தேன்... அடித்துவிட்டேன்.

விளக்குக்காரன்தான் கொன்றான், ஸ்டெல்லா. நீ சொன்னதுதான் சரி. இதன் மேலும் அந்தப் புனைபெயரைத்தான் போட்டிருக்கிறேன். நீ தொடமாட்டாய்.