பங்கு வாங்கிய அக்காவுக்குச் சீர்

வாடிப்பட்டி எல்லையில் எங்கள் பஸ் நிற்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போகிறது. மேளத்துக்குப் பின்னால் தாம்பாளங்கள், மாலை போட்ட ஆட்டுக்கிடா. இறங்கி வேடிக்கை பார்க்கிறேன்.

சாலையோர மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார் பிள்ளையின் அம்மா.

"ஆம்பள பொம்பள சமம்னு அரசியல் சட்டமே சொல்லுதுல்ல? அப்பா நெலத்துல சரிபாதி கேட்டு வாங்குனேன். இனி தம்பி சீர் கொண்டாரமாட்டான்னு ஊரே சொல்லுச்சு. இம்புட்டுத் தட்டு வருது, பாருங்கண்ணே."

கிடாவைப் பிடித்துவரும் தம்பியிடம், "சீர் கொண்டுவரச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லையே?" என்கிறேன்.

அவர் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"கோவம் இருந்துச்சுண்ணே. ஆனா மடையை ஒட்டுன வயலு அக்கா பங்குக்குப் போயிருச்சு. அக்கா தொறந்துவிட்டாத்தேன் எனக்குத் தண்ணி."