காய்ச்சல் விட்ட நாளில் காப்பாற்றியவர்

முகநூலில் தமிழில் நோய்களைப் பற்றி விளக்கும் ஒரு டாக்டரம்மாவை, மற்றவர்களோடு சேர்ந்து நானும் 'மருந்துக் கம்பெனி ஆளு' என்று கேலியாக எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் என் கணவருக்கு டெங்கி கண்டது. அசாம் ஜாவா என்ற ஊரில் செம்பனைத் தோட்ட வேலை அவருக்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் நிற்கவில்லை.

"காய்ச்சல்தான் விட்ருச்சே, படுத்தா சரியாயிரும்லா" என்றார்.

காய்ச்சல் விடும்போதுதான் கவனம் வேண்டும் என்று அந்த டாக்டரம்மா ஒரு காணொளியில் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

"நல்ல வேளை கொண்டாந்தீங்கக்கா, உள்ள ரத்தம் கசியுது" என்றார் தாதி.

கணவர் பிழைத்தார். இப்போது அந்த அம்மாவின் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே நன்றி எழுதுகிறேன். 'நீயும் அந்தக் கூட்டமா?' என்று முன்பு சேர்ந்து கேலி செய்தவர்கள் என்னையும் திட்டுகிறார்கள். மறுநாளும் எழுதுகிறேன்.