மணிக்காக மாற்றிய பெட்டிகள்

மார்ச் 3 – 9,200
மார்ச் 17 – 16,500
மார்ச் 31 – 31,000
ஏப்ரல் 13 – 9,200

ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் ஒரே கடையில் பெட்டி வாங்கி, மாற்றி மாற்றி எடுத்த நாட்களும் விலைகளும் இவை. கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் டிஏசி அது. உள்ளங்கை அகலம்தான். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

அவருக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒரு மணி. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் கேட்ட பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் சின்ன மணி ஒன்று ஐந்து தடவை ஒலிக்கும். முதல் பெட்டியில் அதைக் காணோம். இரண்டாவதிலும் காணோம். மூன்றாவதை மாட்டியபோது, தொழில் புத்தி விடாமல், நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நாடா பிடித்து அளந்து உட்கார்ந்தார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் காதைக் கொடுத்து உழைத்த மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பாட்டு சரணத்தை நெருங்கியது. மனைவியின் விரல் துணிமேல் ஐந்து தடவை தட்டியது.

"என்ன தட்டுற?"

"மணிங்க."

"உனக்குக் கேக்குதா?"

"மொத பெட்டியிலயே கேட்டுச்சே."

"சொல்றதுக்கென்ன?"

"ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கறப்போ உங்க மொகத்தைப் பாக்கணுமே! வாய் வரலைங்க."

கணக்கு இடித்தால் கருவியைக் குறை சொல்லும் முன் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பவர் அவர். காது விஷயத்தில் அது தோன்றவே இல்லை. மணி போனால் போகட்டும். அவருக்கு வேறு பயம் வந்துவிட்டது.

"நீ பேசறதுலயும் ஏதாச்சும் விட்டுப்போகுதாம்மா?"

"திட்டறது ஒண்ணுவிடாம கேக்குதில்ல? அப்புறம் என்ன!"

சொல்லிவிட்டு மனைவி பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். மணி வந்த இடத்தில் கணவரின் மணிக்கட்டில் ஐந்து தடவை தட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவதைக் கொடுத்துவிட்டு முதல் பெட்டியையே கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். "என்ன சார், சுத்திச் சுத்தி அங்கயே வந்துட்டீங்க?"

"நிலம் அளக்கறப்போ ஆரம்பிச்ச கல்லுக்கே திரும்பி வந்தாத்தான்யா அளவு சரி."

மிச்சப் பணத்தோடு இருவரும் நேரே காது மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கிருந்து கடிதங்கள் வந்தன: பரிசோதனைக்கு ஒன்று, காது அச்சு எடுக்க ஒன்று. காது கேட்கும் கருவி தயார், துணைக்கு ஒருவரோடு வந்து பொருத்திக்கொள்ளவும் என்ற கடைசிக் கடிதம் வந்தது ஜூன் 11 அன்று.