சிவப்பே வராத பக்கங்கள்

செத்துப்போனவங்க பேரைத் தப்பில்லாம அடிக்கிறதுதான் எங்க தொழில். தப்பு வந்தா மாட்டிக்கிறது உயிரோட இருக்கிற நாங்க.

உத்திரமேரூர் பஜார்ல உரக்கடைக்கு மேல்மாடியில எங்க ஹால். நார்வேங்கிற குளிர் நாட்டுல இருந்து அந்தக் காலத்துல கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய் விவசாயம் பண்ணின ஜனங்களோட காகிதமெல்லாம் அங்கே ஒரு ஆவணக் காப்பகத்துல கிடக்கு. கப்பல் பட்டியல், சர்ச் பதிவேடு, கல்யாணம், சாவு எல்லாத்தையும் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவாங்க. நாங்க கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுக்கணும். மானிட்டரைப் பார்த்துக்கிட்டே, பின்னாடி யார் வந்து நிக்கிறாங்கன்னு முதுகாலேயே தெரிஞ்சிக்கிற எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

சிவப்பு

ஒரே பக்கத்தை ரெண்டு பேருக்குக் கொடுப்பாங்க. ஒருத்தர் அடிக்கிறதை இன்னொருத்தர் பார்க்கக்கூடாது. அப்புறம் மெஷின் ரெண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடத்துல சிவப்பு காட்டும். சிவப்பு ரொம்ப வந்தா பக்கம் திரும்பி வரும். பக்கம் திரும்பிக்கிட்டே இருந்தா மொத்த வேலையும் வேற ஊருக்குப் போயிடும். அதனால எங்க ஹால்ல யாரும் நெத்தியில சிவப்புப் பொட்டு வெச்சாக்கூட நான் திடுக்குனு பார்ப்பேன்.

எனக்கு ஜோடி குமாரி அக்கா, திருமுக்கூடல்காரங்க. எங்க மேற்பார்வை பாஸ்கர் சார். அவர் தினமும் சொல்றது ஒண்ணுதான்: கண்ணுல பட்டதை அடி, மனசுல பட்டதை அடிக்காதே. ஆனா கண்ணுல ஏதாவது படணுமே! கோழி கிளறின மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்து. ஒருநாள் ஒரு பேரை அரைமணி நேரம் முறைச்சுப் பார்த்துட்டு குமாரி அக்கா சொன்னாங்க: "இந்தப் பாதிரியார எழுப்பிக் கேட்டாதான் ஆவும் போலக் கீது."

ஒரே ஆளு, ரெண்டு பேரு

கப்பல் பட்டியல்ல நில்ஸ்னு ஒருத்தர். அதே ஆளு சர்ச் பதிவேட்டுல வேற கடைசிப் பேரோட வந்தார். பொண்டாட்டி அவளேதான், பிள்ளைங்க அதுங்களேதான். நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன். பொலபொலன்னு அழுதுட்டேன். அப்போ நான் முழுகாம இருந்தேன். தும்மினாக்கூட அழுகை வர்ற காலம் அது.

குமாரி அக்கா எட்டிப் பார்த்தாங்க. சொந்தப் பேருக்கு அடுத்து இருக்கிறது நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேரு, கடைசியில இருக்கிறது குடியிருக்கிற பண்ணையோட பேருன்னு பயிற்சியில சொன்னதை ஞாபகப்படுத்தினாங்க. பண்ணை மாறினா பேரும் மாறும். எனக்குக் கண்ணு துடைக்க முந்தானையக் கொடுத்துட்டுச் சொன்னாங்க: "எங்க ஊர்ல ஏரிக்கர முருகேசன் வூடு மாத்திக்கினு போயி மேட்டுத்தெரு முருகேசன் ஆவல? இதுக்குப் போயி அய்வுறியே!"

பனிக்காலத்துப் பக்கங்கள்

இதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா. குறைமாசம். பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. கையில ஒரு பட்டி கட்டி 'பேபி ஆஃப் செல்வி'ன்னு எழுதினாங்க. பெட்டியில இருந்து அவ வெளியே வரவே இல்ல. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா. என் மனசுக்குள்ள அவளுக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன். எங்க வூட்டுக்காரர்கிட்டகூட அதைச் சொன்னதில்ல. நம்ம பக்கம் பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சட்டைகூட வாங்க மாட்டாங்களே, பேரை எப்படி வாய்விட்டுச் சொல்றது?

இப்போ ரெண்டாவது வயித்துல இருக்கிறப்பவா எனக்கு அடக்கம் பண்ணினவங்க பதிவேடு வந்து சேரணும்! பக்கத்துக்குப் பக்கம் பச்சைக் குழந்தைங்க. நிறைய பேருக்கு ஓரத்துல 'வீட்டிலேயே ஞானஸ்நானம்'னு குறிப்பு. பாஸ்கர் சார்தான் விளக்கினார். வெளியே பனி, பாதிரியார் வீடு எங்கேயோ. பிள்ளை பிழைக்காதுன்னு தோணினா அப்பனோ மருத்துவச்சியோ அவசரமாத் தலையில தண்ணி ஊத்திப் பேர் வெச்சிடுவாங்களாம். பேர் இல்லாமப் போயிடக்கூடாதுன்னு அவங்களுக்குப் பயம். பேர் வெச்சாப் போயிடுமோன்னு எங்களுக்குப் பயம்.

அன்னிக்கு வயித்துல அசைவே இல்லாத மாதிரி தோணுச்சு. அப்படியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. குமாரி அக்கா என் மானிட்டரைச் சட்டுனு அணைச்சாங்க. தண்ணி கொடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல உள்ளே ஒரு உதை விழுந்துச்சு, எனக்கு உயிர் வந்துச்சு. அக்கா காதுகிட்ட வந்து சொன்னாங்க: "அந்தப் பக்கம்லாம் இனிமே நீ பாக்காத. எந்தச் சாமியாவது பாத்துக்கும்."

எந்தச் சாமி?

அதுக்கப்புறம் எனக்குக் கல்யாணமும் கப்பலுமாவே வந்துச்சு. அடக்கப் பதிவேடு கண்ணுலேயே படல. எங்க ஊர் சாலவாக்கத்துல பஸ் ஏறும்போதே வர்ற நெஞ்சு படபடப்புகூடக் குறைஞ்சுது. எனக்கு நல்ல நேரம்னு நினைச்சேன்.

ஒருநாள் அமெரிக்காவுல இருந்து மெயில். பாஸ்கர் சார் முகம் வெளுத்துப் போச்சு. அடக்கப் பக்கங்கள்ல சிவப்பே இல்லையாம். ஒரு எழுத்துகூட மாறலையாம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அடிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுறாங்க, வீடியோவுல பேசணும், அதுவரைக்கும் புதுப்பக்கம் கிடையாது. ஹால்ல இருக்கிற எல்லார் வூட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. அந்தப் பக்கங்கள்ல இருந்தது என் பேரும் குமாரி அக்கா பேரும். நான் அதைத் தொடவே இல்லையே!

பாஸ்கர் சார் எங்க ரெண்டு பேரையும் தனியாக் கூப்பிட்டார். கோபத்தைவிட அவர் குரல்ல பயம்தான் அதிகம்: "புருஷன் பொண்டாட்டியே இப்டி ஒத்துப்போவ மாட்டாங்கம்மா. அடிச்சது யாரு, உண்மையச் சொல்லுங்க."

கேமரா முன்னாடி

உண்மை என்னன்னா, குமாரி அக்கா தினமும் முதல் பஸ்ஸுல வந்து, என் பாஸ்வேர்டைப் போட்டு, என் பங்கு அடக்கப் பக்கங்களையும் அவங்களே அடிச்சிருக்காங்க. ஒரே ஆளு ரெண்டு தடவை அடிச்சா எங்கேருந்து வரும் சிவப்பு? நல்லது பண்ணப் போய் நல்லா மாட்டிக்கிட்டாங்க.

வீடியோவுல ஒரு நரைமுடி அம்மா. பின்னாடி அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா அலமாரி. குமாரி அக்கா தாலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னாங்க, பாஸ்கர் சார் இங்கிலீஷ்ல சொன்னார். நான் எழுந்து நின்னு வயித்தைக் காட்டினேன், அவ்வளவுதான். அந்த அம்மா மெதுவாப் பேசினதைப் பாஸ்கர் சார் எங்களுக்குத் தமிழ்ல சொன்னார். வேலை போகாது, ஆனா அந்தப் பக்கத்தையெல்லாம் இன்னொருத்தர் திரும்ப அடிக்கணும். செல்வி அடிக்க வேண்டாம். அதெல்லாம் பயந்துபோய் வெச்ச பேரு. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேராவது தனித்தனியாப் பார்க்கணும்.

எனக்கு என்ன தோணுச்சோ. என் பொண்ணு பேரை யார் பார்த்தாங்க, அவ கையில கட்டின பட்டியிலகூட என் பேர்தானே இருந்துச்சு? "நானே அடிக்கிறேன் சார்"னு சொல்லிட்டேன். குமாரி அக்கா கேமரா இருக்கிறதையும் மறந்துட்டுக் கத்தினாங்க: "இன்னாடி, பைத்தியமா புடிச்சிக்கிச்சி உனுக்கு?"

அழிக்கவா?

பயந்துக்கிட்டேதான் அடிச்சேன். ஒரு கை கீபோர்டுல, ஒரு கை வயித்துல. இங்கெபோர்க்னு ஒரு குழந்தை. வீட்டிலேயே ஞானஸ்நானம், அடுத்த வரியில அடக்கம். சில பக்கம் தள்ளி, ஞானஸ்நானப் பட்டியல்ல, அதே அப்பா, அதே அம்மா, திரும்ப இங்கெபோர்க். மெஷின் குறுக்கே வந்து, இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு, அழிக்கவான்னு கேட்டுச்சு. செத்த பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது அவங்க வழக்கம், அழிக்கக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. இருந்தாலும், அடப்பாவிங்களா, அதே பேரான்னு திட்டிக்கிட்டே 'வேண்டாம்'னு அமுக்கினேன்.

அப்புறம் எனக்கு ஒரே வேலை, அந்த ரெண்டாவது இங்கெபோர்க் எந்த அடக்கப் பக்கத்துல வந்து நிப்பாளோன்னு பயப்படுறது. வரல. வளர்ந்த பிள்ளைங்க சர்ச்சுல உறுதிமொழி சொல்ற பட்டியல்ல வந்தா! கல்யாணப் பதிவேட்டுல வந்தா! என்னை அறியாமலே "அக்கா, இருக்கா!"ன்னு கத்திட்டேன். குமாரி அக்கா அந்தக் கோடியில இருந்து செருப்பு போடாம ஓடி வந்தாங்க: "பொயச்சிக்கினாளாடி?"

பேபி ஆஃப்

எனக்கு இந்தத் தடவையும் நாளுக்கு முன்னாடியே வலி எடுத்துடுச்சு. அதே பெரியாஸ்பத்திரி, அதே கண்ணாடிப் பெட்டி. திரும்பவும் பொண்ணு. சத்தமே இல்லாமத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நர்ஸம்மா கைப்பட்டியும் பேனாவுமா நின்னாங்க. 'பேபி ஆஃப்'னு ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு வந்த பயத்தை எழுத்துல சொல்ல முடியாது. எங்கேயிருந்து தெம்பு வந்துச்சோ, அவங்க கையைப் பிடிச்சுட்டேன். "அது வேணாம் சிஸ்டர். அமுதான்னு எழுதுங்க." முதல் பொண்ணுக்காக மனசுக்குள்ள வெச்சிருந்த பேர் அது. போனாலும் பேரோட போகட்டும். இருந்தாலும் பேரோட இருக்கட்டும். நர்ஸம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு எழுதினாங்க: "நல்ல ஆளும்மா நீ, இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல, அதுக்குள்ள பேரா?"

அமுதாவுக்கு இப்போ பல்லு முளைச்சுடுச்சு. அவ பேரைப் பிறப்புச் சான்றிதழ்ல ஒருத்தரும் ஆதார்ல ஒருத்தரும் தனித்தனியா அடிச்சும் ஒரு எழுத்துகூட மாறாம வந்திருக்கு, அதைப் பார்த்ததுல இருந்து பழக்கதோஷம், எனக்குப் பயமாவே இருக்கு.