ஏறி இறங்கிய சங்கு

போன வாரம் ஈப்போவில் என் மருமகன் உள்ளங்கையளவு கருவி ஒன்றைக் காட்டினான். பொத்தானை அழுத்தினால் கேட்ட மின் அலை வருமாம், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும். சிரிப்பு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஓர் அலைக்காக நானும் மணியமும் ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்.

லகாட் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில் அப்போது எனக்கு வேலை. குகை என்று நினைத்துவிடாதீர்கள். வானம் பார்த்த பெருங்குழி. மணியம் அங்கே சார்ஜ்மேன், மின்சாரமெல்லாம் அவன் பொறுப்பு. அவன் மனைவி லெட்சுமி குழியடியில் கல் பொறுக்குபவள். குழிக்கு மேலே ஒரு குளம், இடையில் வெறும் மண்கரை. கரை உடைந்தால் ஊத அபாயச் சங்கு வேண்டும், அதைச் செய்வது என் பொறுப்பு. தேநீர் வேளைச் சங்கு ஒரே சீராக ஊதும். இது ஏறி இறங்க வேண்டும் என்பது விதி. விதிகளை நான் கரைத்துக் குடித்தவன்.

ஒலியை ஏற்றி இறக்க, சில நொடிக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான அலை தேவை. மணியம் கோவில் ஒலிபெருக்கி கட்டிப் பழகியவன்.

"சைன் அலை போடு மச்சான். வழுக்கிக்கிட்டு ஏறும்."

"அவ்ளோ மெதுவா ஓட்டுனா அது நிலைக்கு வரவே நேரமாகும். முழுகப்போறவனுக்கு வழுக்கல் எதுக்கு?"

"ஆமா, படிச்சவரு லா."

நான் முக்கோண அலையைத் தேர்ந்தேன். மின்தேக்கி சீராக நிரம்பும். எல்லையைத் தொட்டதும் திசை திரும்பிச் சீராக வடியும். போட்ட கணமே ஓடும். எங்கள் மண்ணின் ஈயத்திலேயே பற்றவைத்தேன் என்று பெருமை வேறு.

மழைக்காலத்தில் ஒரு காலை, கரை பிளந்தது. சுவிட்சைப் போட்டேன். சங்கு அருமையாக ஏறியது, இறங்கியது. குழியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது என்ன சத்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை.

"லெட்சுமி, மேல வா!" மணியத்தின் கத்தல் பம்பு இரைச்சலில் கரைந்தது. அவர்கள் முதுகுப்பக்கம் சேற்றுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அபாயச் சங்கைப் போட்டுவிட்டால் உடனே அணைக்க முடியாது, தேநீர்ச் சுவிட்சும் வேலை செய்யாது. அதுவும் விதிதான்.

சங்கின் பெட்டியைத் திறந்து, ஸ்குரூடிரைவரால் மின்தேக்கியின் இரு கால்களையும் சேர்த்து அழுத்தினேன். அலை செத்தது. சங்கு ஒரே சீராக ஊதியது.

தேநீர்! முந்திக்கொண்டு படியேறினார்கள். கடைசியாக வந்தவள் லெட்சுமி, முழங்கால்வரை சேறு. குழியைத் திரும்பிப் பார்த்தவள் மணியத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தேத்தண்ணின்னு ஏமாத்திக் கூப்பிட்டீங்களே அண்ணே, எங்க தேத்தண்ணி?"

சில வருடங்களில் ஈய விலை விழுந்து சுரங்கத்தை மூடினார்கள். மணியமும் லெட்சுமியும் வேலை தேடிப் பாகான் டத்தோ பக்கம் போனார்கள். போகுமுன், குழியில் ஊறும் நீரை இறைத்துவந்த பம்புகளை மணியம்தான் ஒவ்வொன்றாக நிறுத்தினான். தண்ணீர் அவசரமில்லாமல் ஏறி, பம்பு மேடையை, படிகளை, குழி முழுவதையும் மூடியது. அதற்கு யாரும் சங்கு ஊதவில்லை.