எண்விரல் கூட்டத்தின் குரு

நாடகக் கம்பெனியில் நான் ஏழு வருஷம் இருந்தேன். முதல் ஆறு வருஷமும் காவலாளி, தூதன், முனிவரின் சீடன் என்று மேடைக்கு வந்து இரண்டு வரி சொல்லிவிட்டு உள்ளே போகிறவன்தான். தெருவில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்போது அது எனக்குக் குறையாக இருந்தது.

யுத்த காலம். ஜனங்களை டாக்கி சினிமா இழுத்துக்கொண்டது. புராண நாடகம் போட்டால் கொட்டகை பாதிகூட நிறையவில்லை. கம்பெனியை நடத்திய வாத்தியார் மூக்குப்பொடி மட்டையும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு வாரம் உட்கார்ந்து புதுக் கதை ஒன்றைக் கட்டினார். மலைக்குகையில் ஒளிந்து வாழும் ஒரு ரகசியக் கூட்டம். அதில் சேருகிறவன் தன் இரு சுண்டுவிரல்களையும் வெட்டிக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். ஆகவே எண்விரல் கூட்டம். அவர்களுக்குச் சாமி கிடையாது, குருதான் எல்லாம். குரு கேட்டால் தாய்மார்களே பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து அவர் காலடியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகன் வந்து குகையைத் தீக்கிரையாக்குவான்.

இப்படி ஒரு கூட்டம் பூலோகத்தில் எங்கும் இருந்ததில்லை. வாத்தியாரின் தலைக்குள் மட்டும் இருந்தது.

குரு வேஷத்தை எனக்குக் கொடுத்தார். எனக்குப் பாட வராது, ஆனால் தணிந்த குரல். "நீ கத்தாத தம்பி. நீ மெதுவாப் பேசப் பேசத்தான் கொட்டகை ஒன்ன உத்துக் கேக்கும்" என்றார். சுண்டுவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கித் தோல் நிறத் துணியால் கட்டிவிடுவார்கள். கண்ணைச் சுற்றி மை. நெற்றி வெறுமையாக இருக்கும். விபூதியோ குங்குமமோ இல்லாத அந்த வெற்று நெற்றியைப் பார்த்துத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இலுப்பூரில் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருந்தோம். முதல் நாளே நல்ல கூட்டம். மறுநாள் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அங்கிட்டு நகர்ந்தார்கள். கடைக்காரர் கிளாஸை என் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். என் விரல்களை எண்ணுகிறார் என்பது தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு ஊர் என்னைப் பார்க்கிறதே என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சந்தை. உச்சிப்பொழுது தாண்டியிருக்கும். கொட்டகைக்குப் பின்னால் வேட்டியைத் துவைத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பக்கம் சத்தம் கேட்டது. வாத்தியார் யாரிடமோ, "இருங்க, இருங்க, கையெடுத்துக் கும்பிடுறேன், இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஈர வேட்டியோடு முன்னால் போனேன். நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். சந்தைக்கு முந்தின நாளே வந்து தங்கிய ஒரு குடும்பத்தின் பெண் குழந்தை, நாலு வயசு, காலையிலிருந்து காணவில்லை. ஊருக்கு வெளியே காட்டாற்றின் குறுக்கே அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் நிற்பதற்குப் பிள்ளை பலி கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு ஏற்கெனவே ஊரில் கிடந்தது. அதோடு எங்கள் நாடகமும் சேர்ந்துகொண்டது.

"இவந்தான்டா!" என்று ஒருவன் என்னைக் காட்டினான். குழந்தையின் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது. கையில் வண்டிக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. "கையக் காட்டுறா."

இரு கைகளையும் விரித்துக் காட்டினேன். பத்து விரலும் இருந்தன.

"மேடையில எட்டுத்தான இருந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பகல்ல ஒட்ட வச்சுக்குவானுக."

யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொன்னவன் மனதார நம்பிச் சொன்னான். அடிப்பவனிடம் அழுது தப்பிக்கலாம். என் சொந்த விரலையே நம்பாதவனிடம் எதைக் காட்டுவது?

அதற்குள் சிலர் உள்ளே புகுந்து பெட்டியை இழுத்துவந்து கொட்டினார்கள். தகரக் கத்தி, காகிதக்கூழில் செய்த மண்டை ஓடு, சாயம் கரைத்து வைத்திருந்த போத்தல். போத்தலைத் தூக்கிப் பிடித்து, "ரத்தம்! பாருங்கய்யா, ரத்தம்!" என்று ஒருவன் கத்தினான். வாத்தியார் அதைப் பிடுங்கித் தன் நாக்கில் ஊற்றிக் காட்டினார். "வெல்லத் தண்ணியில சாயம் போட்டதுய்யா" என்றார். வாயெல்லாம் சிவப்பாக அவர் அப்படி நின்றது காரியத்தை இன்னும் கெடுத்துவிட்டது. முதல் கல் அவர் தோளில் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் குழந்தையின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இருபத்து இரண்டு வயசு இருக்கலாம். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் காலில் விழுந்தாள்.

"சாமி, எம் புள்ள எங்கிட்டு இருக்குன்னு சொல்லிருங்க சாமி. ஒங்களுக்குத் தெரியும். என்ன கேட்டாலும் தாரேன்."

"ஆத்தா, நான் நடிகன். எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஆத்தா."

"தெரியும் சாமி. நேத்து கொட்டகையில நான் பாத்தேன். கண்ண மூடுனீங்க, ஒங்களுக்கு எல்லாந் தெரிஞ்சுச்சு."

தாய்மாமன் கட்டையை உயர்த்தினான். அதன் பிறகு நான் செய்ததை இன்றுவரை நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. உயிர்ப் பயம். என் சுண்டுவிரல்கள் தாமாக மடங்கின. கண்ணை மூடினேன். மேடைக் குரலில், மேடைத் தமிழில் பேசினேன்.

"பிள்ளை உயிரோடு இருக்கிறது. சந்தையிலிருந்து புறப்பட்ட வண்டிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு வண்டியையும் தேடுங்கள். போங்கள்."

கூட்டம் அப்படியே அடங்கியது. எங்கோ ஒரு மாடு கத்தியது காதில் விழுந்தது. கட்டை கீழே இறங்கியது. அடுத்த கணம் நாலாபக்கமும் ஓடினார்கள். தாய்மாமனும் வேறொருவனும் மட்டும் எங்களுக்குக் காவலாக நின்றார்கள்.

வண்டி என்று ஏன் சொன்னேன்? சந்தை நாளில் அதிகம் இருப்பது வண்டி. ஒவ்வொன்றாகத் தேட நேரம் பிடிக்கும். கூட்டம் தூரப் போகும். அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறது என்று சொன்னது முழுப் பொய்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தாய் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் சொன்னபடிதான் நடக்கும் என்று காத்திருந்தாள். நான் கண்ணைத் திறந்தால் அவள் கண். மூடினால் கிணற்றில் மிதக்கும் ஒரு சிறு பாவாடை. வாத்தியார் ஒருமுறை என் பக்கம் சாய்ந்து, "கெடைக்கலேன்னா என்னடா பண்ணுவ?" என்று கேட்டார். அவர் பல்லிடுக்கில் இன்னும் சிவப்பு இருந்தது.

தூரத்தில் கூச்சல் எழுந்தது. நெருங்க நெருங்கவும் அது சந்தோஷக் கூச்சலா, ஒப்பாரியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாய்மாமன் கட்டையை மறுபடி எடுத்துக்கொண்டான்.

குழந்தையைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடலை வியாபாரி ஒருவரின் வண்டியில் வெறும் சாக்குகளுக்கு நடுவில் ஏறிப் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறாள். வண்டி மூன்று மைல் போய்விட்டது. வண்டிக்காரருக்கே தெரியாது. கன்னத்தில் சாக்கு அழுந்திய தடத்தோடு, ஏன் எல்லோரும் கத்துகிறார்கள் என்று புரியாமல் அவள் விழித்தாள்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். தப்பித்தோம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அத்தனை பேரும் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் முன்வரிசையில்.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் ஜனம். மாடு காணாமற்போனவர், பர்மாவுக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வராதவர், பிள்ளை இல்லாதவர். கைகூப்பி நின்றார்கள். சுண்டுவிரலை மடக்கிக் கும்பிட்டார்கள். வாத்தியார் நோட்டில் எழுதிய கும்பிடு அது. மூவாயிரம் வருஷத்து வழக்கம் போல அதைச் செய்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவி இரு கைகளாலும் நீட்டினார். மூன்று நாளுக்கு முன்பு எனக்கு இருந்த பெருமை இப்போது வரவில்லை.

சாயங்காலம் அந்தத் தாய் வந்தாள். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, பூ வைத்திருந்தாள். நெற்றியில் மட்டும் பொட்டு இல்லை. துடைத்துவிட்டிருந்தாள்.

"இவள ஒங்களுக்கே நேந்துக்கிட்டேன் சாமி. நேத்து மனசுக்குள்ள சொன்னேன், கெடச்சா சாமி கால்ல விட்டுருறேன்னு. ஏத்துக்கங்க."

குழந்தையின் கையை அவள் விட்டுவிட்டாள். நாடகத்தில் தாய்மார் செய்வதைப் போலவே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"இந்தா ஆத்தா, புள்ளையப் பிடி" என்றேன். "நான் சொன்னது பொய். உங்காளுக என்னை அடிச்சுக் கொல்ல வந்தாங்க. அவங்கள அங்கிட்டு விரட்டத்தான் வண்டின்னு சொன்னேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவள் புன்னகை செய்தாள். "சாமி அப்புடித்தான் சொல்லும்."

வேறு வழி தோன்றவில்லை. அவளை உள்ளே வேஷம் கட்டுகிற இடத்துக்கு அழைத்துப்போய்ப் பெட்டிமேல் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் அவள் கண்ணெதிரில் செய்து காட்டினேன். இது மை. இது அரிதாரம், கல்லில் இழைப்பது. இது துணி, இப்படித்தான் விரலைக் கட்டுவது. இதோ அவிழ்த்தால் விரல், நீயே தொட்டுப் பார். அவள் தொட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். குழந்தை அரிதாரத்தைத் தொட்டு மூக்கில் பூசிக்கொண்டு சிரித்தது. இவளுக்குப் புரிந்துவிட்டது, வேஷம் முடிகிற வரை பார்த்தால் மிச்சமும் தெளிந்துவிடும் என்று நம்பி மேலே செய்துகொண்டே போனேன். இரண்டாவது கண்ணுக்கு மை இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லப் பெட்டியிலிருந்து இறங்கி நெற்றி மண்ணில் பட விழுந்தாள். குழந்தையின் தலையையும் பிடித்து அழுத்தினாள். குழந்தை வீறிட்டு அழுதது.

ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். மை கண்ணுக்குள் போய் எரிந்தது. வாத்தியாரிடம் சென்று, "இனி அந்த வேஷம் கட்ட மாட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. அவருக்கும் முகம் சரியில்லை. "அந்தப் பொம்பளகிட்ட நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் அவரே அவளிடம் போய், குரு பிள்ளையை ஏற்றுக்கொண்டார், வளர்க்கிற பொறுப்பை அம்மாவிடமே திருப்பித் தருகிறார், தினமும் பொட்டு வைத்து வளர்க்கச் சொல்கிறார் என்றார். அதற்கு அவள் உடனே தலைவணங்கி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உண்மைக்கு இசையாதவள் இன்னொரு பொய்க்கு இசைந்தாள்.

அன்றைக்கே கடைசி பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்தேன். ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. பலகை அளக்கிற வேலை. நாள் முழுக்க நான் பேச வேண்டியது அளவு மட்டும்.

இரண்டு மாதம் கழித்து வாத்தியாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கீரமங்கலத்தில் வேறு ஒருவனுக்குக் குரு வேஷம் போட்டுப் பார்த்தாராம். முதல் நாளே கொட்டகைக்கு வெளியே ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்து நின்றார்களாம். எல்லாக் குழந்தைகளுக்கும் நெற்றி வெறுமையாக இருந்ததாம். நாடகத்தை அத்தோடு நிறுத்திவிட்டேன், நோட்டுப் புத்தகத்தை எரித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். நிறுத்தியதற்கு ஜனங்கள் கோபப்பட்டார்கள் என்றும், உண்மையான குரு புதுக்கோட்டையில் இருப்பதாக யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், ஜாக்கிரதையாக இரு என்றும் கடைசி வரியில் இருந்தது.

முதலாளியிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய் மீசை வளர்க்க ஆரம்பித்தேன். யாரும் தேடி வரவில்லை. ஆனாலும் ரொம்ப நாள் வரைக்கும் கடைவாசலில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றால், என்ன வேண்டும் என்று கேட்க வேறு ஆளை அனுப்பிவிட்டுப் பலகை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.